லூர்து நகர் சொல்லித் தரும் மரியாதை

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் லூர்து வந்துவிடும். போ என்ற நகரைத் தாண்டியதும் ரயில் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. ஒரு பக்கம் பச்சை வயல்கள், மறு பக்கம் பிரனீஸ் மலைத்தொடர். அந்த மலைக்கு அப்பால் ஸ்பெயின்.

நிலையத்தில் இறங்கியவுடனேயே, மற்ற ஊர்களில் இல்லாத ஒன்று கண்ணில் படும். தள்ளுநாற்காலிகள். ஒன்று இரண்டல்ல, வரிசை வரிசையாக. நீல நிறக் கூரை போட்ட மூன்று சக்கர வண்டிகளும் உண்டு. அவற்றை வாருடன் முன்னால் இருந்து இழுத்துச் செல்பவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல. விடுமுறை எடுத்துக்கொண்டு சொந்தச் செலவில் சேவை செய்ய வந்தவர்கள். பதினெட்டு வயதுப் பையன் இழுக்க, எண்பது வயதுப் பாட்டி ராணி மாதிரி உட்கார்ந்து போகிறார். சாலையைக் கடக்கும்போது கார்கள் நின்று வழி விடுகின்றன. கெபிக்குள் போகும் வரிசையிலும் இவர்களுக்குத்தான் முதல் இடம்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு லூர்து புதிய பெயர் அல்ல. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888-இல் எழுந்தது லூர்து மாதா ஆலயம். கிள்ளானிலும் 1928-இல் கட்டப்பட்ட லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும், நீல இடைவாரும் வெள்ளை ஆடையுமாகக் கற்குகையில் நிற்கும் மாதா சுரூபம் பழக்கமான ஒன்று. நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் இந்த முறை நான் லூர்துக்குப் போனது சுரூபத்தைப் பார்க்க அல்ல. 1971-இல் அங்கே நடந்த ஒரு சந்திப்பின் தடத்தைத் தேடி.

அதற்கு முன் அந்த ஊரின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

‘மந்தம்’ என்று ஒதுக்கப்பட்ட பெண்

ஊரின் பழைய பகுதியில், குறுகலான ஒரு தெருவில், ஓர் அறை இருக்கிறது. ஒரு காலத்தில் அது சிறைக்கூடம். கைதிகளை வைத்திருக்கவே தகுதியில்லாத அளவுக்குச் சுகாதாரக் கேடு என்று கைவிடப்பட்டது. ஏறக்குறைய 16 சதுர மீட்டர். நம் ஊர் மலிவு விலை அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறை அளவுகூட இருக்காது. அதில்தான் நொடித்துப்போன மாவு மில்காரர் பிரான்சுவா சுபிரூவின் குடும்பம், அப்பா அம்மா நான்கு பிள்ளைகள் என ஆறு பேர், குடியிருந்தது. மூத்தவள் பெர்னதெத். ஆஸ்துமா நோயாளி. பதினான்கு வயதாகியும் எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சு மொழியும் வராது, வட்டார மொழி மட்டும்தான்.

அந்த வயதிலும் பெர்னதெத்துக்குப் புதுநன்மை கிடைக்கவில்லை. காரணம், ஞானோபதேசப் பாடங்களை மனப்பாடம் செய்ய முடியவில்லை. ‘இவளுக்கு மண்டையில் ஏறாது’ என்பதுதான் அவளைப் பற்றி ஊரில் இருந்த எண்ணம்.

1858 பிப்ரவரி 11. விறகு பொறுக்க ஆற்றங்கரைக்குப் போனபோது, மசபியேல் பாறைக் குகையில் ஒரு பெண்மணியைக் கண்டதாக பெர்னதெத் சொன்னாள். ஜூலை 16 வரை மொத்தம் 18 முறை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். என்னைக் கவர்ந்தது வேறு ஒரு விவரம்.

மூன்றாவது முறை அந்தப் பெண்மணி முதன்முதலாகப் பேசினாராம். பதினைந்து நாள்கள் இங்கே வர இயலுமா என்று கேட்டாராம். கேட்ட மொழி பெர்னதெத்தின் வட்டார மொழி. கேட்ட விதம் மரியாதைப் பன்மை. அதாவது ‘நீ வா’ அல்ல, ‘நீங்கள் வருவீர்களா?’

இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் விளக்குவது கஷ்டம். தமிழருக்கு விளக்கவே தேவையில்லை. பழைய சிறைக்கூடத்தில் குடியிருக்கும், படிப்பு ஏறாத, ஏழைப் பெண்ணை ‘நீங்கள்’ என்று கூப்பிட்டால் எப்படி இருந்திருக்கும்! பெர்னதெத்தையே வியக்க வைத்தது அதுதான். இன்றும் கெபியில் இருக்கும் சுரூபத்தின் காலடியில் பொறித்திருக்கும் வாசகம் பிரெஞ்சில் இல்லை. அந்த வட்டார மொழியில்தான் இருக்கிறது.

ஆக, ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வரும் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவள், பாடம் ஏறவில்லை என்று பூசைப் பந்தியில் காத்திருக்க வைக்கப்பட்ட ஒரு சிறுமி. அந்த ஊரிலேயே, நூறு ஆண்டுக்குப் பிறகு, அதே தவறு மறுபடியும் நடந்தது என்பதுதான் வேடிக்கை.

அறைக்குள்ளேயே சாப்பாடு

1960-களின் பிற்பகுதி. பிரான்சைச் சேர்ந்த கமில், ஜெரார் புரோஃபி தம்பதியருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். இருவருக்கும் கடுமையான அறிவுசார் குறைபாடு. தங்கள் மறைமாவட்டம் லூர்துக்கு ஏற்பாடு செய்த திருப்பயணத்தில் பிள்ளைகளுடன் சேர்ந்துகொள்ளக் கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு எதுவும் புரியாது, மற்றவர்களுக்கும் தொந்தரவாக இருக்கும் என்பது பதில்.

அவர்கள் விடவில்லை. தாங்களாகவே புறப்பட்டுப் போனார்கள். லூர்தில் ஒரு தங்குவிடுதி இடம் கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு: குடும்பம் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரக்கூடாது, சாப்பாடு அறைக்கே வரும்.

கவனியுங்கள், தள்ளுநாற்காலிக்காகச் சாலையே நின்று வழிவிடும் ஊர் இது. நோயாளிக்கு அங்கே இடம் இருந்தது. காய்ச்சல், பக்கவாதம், புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. குணமாக வேண்டும் என்று கேட்டு வருபவர்களுக்கு இடம் இருந்தது. குணமாக்க வேண்டிய நோய் எதுவும் இல்லாமல், ஆனால் மற்றவர்கள் போலவும் இல்லாமல், சத்தம் போட்டுச் சிரிக்கும், எழுந்து நடக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் இடம் இல்லை.

அந்தப் பெற்றோர் தங்கள் வேதனையை, பிரான்சில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் பணியாற்றிவந்த மரி-ஹெலன் மத்தியூவிடமும், லார்ஷ் இல்லங்களைத் தொடங்கிய ஜான் வனியேவிடமும் சொன்னார்கள். அப்படியானால் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகவே ஒரு திருப்பயணம் நடத்துவோம் என்று முடிவானது. தயாரிப்புக்கு மட்டும் மூன்று ஆண்டுகள்.

1971 ஈஸ்டர் வாரம் லூர்துக்கு வந்து சேர்ந்தவர்கள் 12,000 பேர். அவர்களில் சுமார் 4,000 பேர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். மற்றவர்கள் பெற்றோரும் நண்பர்களும். நண்பர்களில் பெரும்பாலோர் இளையோர். பதினைந்து நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். பெரிய வெள்ளி முதல் ஈஸ்டர் திங்கள் வரை, அந்த ஊரின் வெளியெங்கும் பாட்டும் கொண்டாட்டமும்.

பன்னிரண்டாயிரத்தில் முப்பது

அந்த ஏற்பாட்டில் இருந்த ஒரு யோசனைதான் என்னை லூர்து வரை இழுத்துச் சென்றது. பன்னிரண்டாயிரம் பேர் கூடும் இடத்தில், அதிலும் கூட்டமும் இரைச்சலும் ஒத்துக்கொள்ளாத ஒருவர், மிகச் சுலபமாகத் தனியாகிவிடுவார். அதனால் யாரும் தனியாக வரக்கூடாது என்று முடிவு செய்தார்கள். பயணத்துக்கு முன்பே சின்னச் சின்னக் குழுக்கள் அமைத்து, ஒருவரை ஒருவர் பழகிக்கொண்டு, அந்தக் குழுவாகவே வந்தார்கள்.

பயணம் முடிந்தது. குழுக்கள் கலையவில்லை. பிரெஞ்சில் ‘ஃபுவா எ லுமியேர்’, தமிழில் ‘விசுவாசமும் ஒளியும்’ என்று சொல்லலாம், அந்தப் பெயரில் இன்று ஏறக்குறைய 80 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. ஒரு குழுவில் முப்பது பேர் அளவில் இருப்பார்கள்: அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், அவர்களின் குடும்பத்தார், நண்பர்கள். நண்பர்கள் என்றால் சேவை செய்ய வந்த தொண்டர்கள் என்று பொருள் இல்லை, நண்பர்கள்தான். மாதம் ஒருமுறை கூடுவார்கள். முதலில் மனம்விட்டுப் பேச்சு, பிறகு செபம், பிறகு சாப்பாடும் கொண்டாட்டமும். இவை மூன்றையும் தவிர ‘நான்காம் நேரம்’ என்று ஒன்று உண்டு. அது ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையே உள்ள நாள்கள். போன் செய்வது, பிறந்தநாளுக்குப் போவது, ஒன்றாக நடக்கப் போவது. உண்மையான நட்பு அங்கேதான் வளர்கிறது என்கிறார்கள்.

அவர்களின் சின்னம் ஒரு படகு. அதில் பன்னிரண்டு பேர். மேகத்துக்குப் பின்னால் சூரியன். வரைந்தவர் அறிவுசார் குறைபாடு உள்ள ஓர் ஓவியர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜான் வனியே 2019-இல் காலமானார். உலகமே புனிதர் என்று கொண்டாடிய மனிதர். 2020-இல் லார்ஷ் அமைப்பே நடத்திய விசாரணை, ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகத் தவறாகப் பயன்படுத்தியதை வெளிப்படுத்தியது. 2023-இல் வந்த விரிவான அறிக்கை, பல ஆண்டுகளில் குறைந்தது 25 பெண்கள் என்றது. அவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அது பேரிடி. பெற்றோரும் நண்பர்களும் வீடு வீடாக உருவாக்கிய நட்பு அதனால் பொய்யாகிவிடாது. ஆனால், எந்தக் குழுவிலும் கேள்வி கேட்க முடியாத ஒரு மனிதர் இருக்கக்கூடாது என்ற பாடத்தை அது விட்டுச்சென்றிருக்கிறது. தங்களுக்கு நடந்ததைச் சொல்லத் தடுமாறும் மனிதர்கள் கூடும் இடத்தில் இந்தப் பாடம் இன்னும் முக்கியம்.

“இவவுக்கு என்ன வருத்தம்?”

இரவு ஒன்பது மணிக்கு மெழுகுவர்த்தி பவனி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தினமும் நடக்கும். ஆளுக்கு ஒரு மெழுகுவர்த்தி, அதைச் சுற்றிக் காகிதக் கூடு. பவனிக்குக் காத்திருந்தபோது பின்னாலிருந்து தமிழ் கேட்டது. யாழ்ப்பாணத் தமிழ். பாரிசிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவும் மகளும். மகளுக்கு டவுன் சிண்ட்ரோம்.

“மலேசியாவிலயிருந்தோ வாறியள் பிள்ளை?” என்றார் அம்மா. பேச்சு வளர்ந்தது. மகளுக்குச் சுகம் வேண்டி வந்தீர்களா என்று கேட்டேன்.

“இவவுக்கு என்ன வருத்தம்? காய்ச்சல்கூட வாறேல்லை. எனக்குத்தான் முழங்கால் நோ” என்று சிரித்தார். “இஞ்ச வந்தா ஒருத்தரும் திரும்பித் திரும்பிப் பாக்கிறேல்லை. அதுக்குத்தான் வருசா வருசம் வாறனாங்கள்.”

மகள் என் கையிலிருந்த காகிதக் கூட்டைப் பார்த்தார். நான் தலைகீழாக மாட்டியிருந்தேனாம். வாங்கி, சரியாக மாட்டி, தன் மெழுகுவர்த்தியிலிருந்து எனதைப் பற்றவைத்துத் தந்தார். “ஆட்டாதேங்கோ அக்கா, நூந்திடும்” என்று ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்.

லூர்தில் மருத்துவக் குழு ஆராய்ந்து, திருச்சபை புதுமை என்று அறிவித்த குணமாதல்கள் 1858 முதல் இன்றுவரை 70 சொச்சம்தான். வந்துபோனவர்களோ கோடிக்கணக்கில். மற்றவர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதற்கு அந்த அம்மாவின் பதிலை விடச் சிறந்த பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் தாமானில்

வானொலியில் பராமரிப்பாளர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தபோது ஒரு தாய் அழைத்தார். ஆட்டிசம் உள்ள, இருபது வயதைத் தாண்டிய மகன். ஐந்து ஆண்டுகளாக அன்பியக் கூட்டத்துக்குப் போவதில்லை என்றார். “வராதீங்கன்னு யாரும் சொல்லல. ‘உங்களுக்குச் சிரமமா இருக்கும், வீட்லயே இருந்து ஜெபிங்க, நாங்க உங்களுக்காக வேண்டிக்கிறோம்’னு அன்பாத்தான் சொன்னாங்க.” அவ்வளவு அன்பாகச் சொன்னதால் கோபப்படக்கூட முடியவில்லை என்றார். லூர்து விடுதியின் ‘சாப்பாடு அறைக்கே வரும்’ என்ற கதையைப் படித்தபோது எனக்கு இந்தக் குரல்தான் நினைவுக்கு வந்தது.

மலேசியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இல் வந்தது. சமூக மறுவாழ்வு மையங்கள், நாம் பிடிகே என்று சொல்பவை, 1984-இல் திரங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவின. சட்டம் சாய்தளம் கட்டித் தரும். ஓகேயு அட்டை தரும். வியாழக்கிழமை இரவு ஒரு தாமான் வீட்டில் பத்துப் பேர் பாய் விரித்து உட்காரும் வட்டத்தில், பதினோராவது ஆளுக்கு இடம் போட்டுத் தர எந்தச் சட்டத்தாலும் முடியாது. அதை அந்தப் பத்துப் பேர்தான் செய்ய வேண்டும்.

செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு ஜெபக் குழுவைப் போய்ப் பார்த்தேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், அதில் உறுப்பினர். மெழுகுவர்த்தி ஏற்றும்போது காற்றாடியை நிறுத்துவதும், ஜெபம் முடிந்ததும் மறுபடியும் போடுவதும் அவர் பொறுப்பு. அவர் எழுந்து நிறுத்தும்வரை யாரும் தீக்குச்சி உரசுவதில்லை. அவர் ஒரு வாரம் வராவிட்டால் ஆள் குறைவது எல்லாருக்கும் தெரியும். அதுதான் முக்கியம். அவருக்காகக் கண்டுபிடித்த ஒப்புக்கு வேலை அல்ல அது, உண்மையிலேயே தேவைப்படும் வேலை.

முன்பெல்லாம் எல்லாரும் அவரை ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார்களாம். தன்னைவிடப் பத்து வயது இளையவர்கள்கூட. ஒரு நாள் குழுத் தலைவி, பிள்ளைகளிடம், “அங்கிள்னு கூப்பிடுங்க, அவர் உங்க அப்பாவைவிடப் பெரியவர்” என்றாராம். அன்றிலிருந்து பெரியவர்களும் ‘அண்ணே’ என்று மாறிவிட்டார்கள். பெர்னதெத்துக்குக் கிடைத்த ‘நீங்கள்’, தாமான் வீட்டில் ‘அண்ணே’ ஆகியிருக்கிறது.

அங்கே கவனித்தவற்றையும், லூர்துக் குழுக்களின் அனுபவத்தையும் சேர்த்துச் சில விஷயங்கள் சொல்லலாம். கோயில் தேவார வகுப்பு, பஜனைக் குழு நடத்துபவர்களுக்கும் இவை பொருந்தும்.

அழைப்பைத் தாயிடம் அல்ல, அவரிடமே சொல்லுங்கள். “அண்ணே, வியாழக்கிழமை எட்டு மணிக்கு வருவீங்களா?” என்று நேராகக் கேளுங்கள். என்ன பிடிக்கும், எந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நிகழ்ச்சியின் வரிசை வாரா வாரம் ஒரே மாதிரி இருந்தால் பலருக்கு நிம்மதி. நீண்ட வாசகத்துக்குப் பதில் சிறு பகுதி, கூடவே ஒரு படம். எழுந்து நடக்க வேண்டும் என்றால் நடக்கட்டும், வாசல்பக்கம் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

வானொலிக்காரி என்ற முறையில் ஒன்று சொல்வேன். எங்களுக்கு மௌனம் என்றால் பயம். மூன்று விநாடி சத்தமில்லாவிட்டால் கை தானாகப் பாட்டைப் போட்டுவிடும். குழுவில் அந்தப் பயம் வேண்டாம். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள். பலருக்குப் பதில் ஆறாவது, ஏழாவது விநாடியில்தான் வரும். அதற்குள் தாயோ தலைவரோ பதில் சொல்லிவிட்டால், அவர் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்.

கூடவே ஓர் எல்லைக்கோடும் வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவிடப் போகும்போது இரண்டு பெரியவர்கள் சேர்ந்து போகட்டும். கட்டிப்பிடிப்பது வேண்டாம் என்று அவர் விலகினால், அந்த ‘வேண்டாம்’ மதிக்கப்பட வேண்டும். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரே ஆளிடம் எல்லாப் பொறுப்பையும் விட்டுவிடாதீர்கள்.

கூட்டம் முடிந்து கறிபாப்பும் தே ஓவும் வரும் நேரத்தில், அந்தத் தாயைக் கொஞ்சம் உட்கார விடுங்கள். மகன் பக்கத்தில் வேறு யாராவது உட்காருங்கள். பல ஆண்டுகளாகச் சூடான தேநீரைச் சூடாகவே குடித்திராத தாய்மார்கள் நம்மிடையே நிறையப் பேர்.

போக நினைப்பவர்களுக்கு

லூர்து சின்ன ஊர். நிலையத்திலிருந்து திருத்தலத்துக்கு நடந்தே போகலாம். ஈஸ்டர் முதல் அக்டோபர் வரை கூட்டம். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாள்களில் நெரிசல் அதிகம். திருத்தலத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மலையடிவாரம் என்பதால் கோடையிலும் மழை வரும். குடையும் குளிராடையும் தேவை. மாதா வடிவத்தில் பிளாஸ்டிக் போத்தல் விற்கும் கடைகளைக் கடந்துதான் கெபிக்குப் போக வேண்டும். ஊற்றுத் தண்ணீர் இலவசம், குடிக்கக் கொண்டுவர எந்தப் போத்தலும் போதும். பெர்னதெத் குடும்பம் வாழ்ந்த பழைய சிறைக்கூடத்தைத் தவறவிடாதீர்கள். 1958-இல் திறக்கப்பட்ட, இருபதாயிரம் பேருக்குமேல் கொள்ளும் நிலத்தடிப் பேராலயத்தையும் பாருங்கள். தள்ளுநாற்காலியில் வருபவர் நேராக உள்ளே போகலாம். சாய்தளப் பாதை உண்டு.

பயணச்சீட்டு எடுக்கும்முன் ஒன்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலோ உறவிலோ, ‘அவரால் முடியாது, அவருக்குப் புரியாது’ என்று எப்போதும் வீட்டில் விட்டுச்செல்லும் ஒருவர் இருக்கிறாரா? புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவோ, பத்துமலையோ, லூர்தோ, அடுத்த பயணத்தில் உங்களோடு வர விருப்பமா என்று அவரிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு, பத்து விநாடி காத்திருங்கள்.